ஜெர்மனியிலிருந்து வந்ததாகச் சொன்ன கடிதங்கள்

ஜொகூர் சாஆவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், 1888ஆம் ஆண்டு லண்டனில் தொடங்கிய ஒரு மந்திரச் சங்கத்தின் பிறப்பு. விக்டோரியா மகாராணியார் ஆண்ட காலம். சங்கத்தின் பெயர் ஹெர்மெட்டிக் ஆர்டர் ஆஃப் த கோல்டன் டான். பேச்சு வசதிக்காகப் பொன்விடியல் சங்கம் என்று சொல்கிறேன். லண்டன் மந்திரவாதிகளுக்கும் நம்முடைய செம்பனைக் காட்டு ஊருக்கும் என்ன ஒட்டுறவு என்று சிலர் நினைக்கலாம். இருக்கிறது. அந்தச் சங்கத்துக்கு இங்கிலாந்தில் தலைமை தாங்கிய ஒரு பெண்மணி, பிற்காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்து தமிழ்ப் பெண்பிள்ளைகள் படிக்கும் கல்லூரிக்கு அதிபராக இருந்தார். கொழும்பில் காலமானார். அவரை அந்தப் பொறுப்பில் அமர்த்தியவர் சர் பொன்னம்பலம் இராமநாதன். அதே யாழ்ப்பாணத்திலிருந்துதான் மலாயா ரயில்வேக்கும் தோட்டத்துக் கிராணி வேலைக்கும் ஆட்கள் வந்தார்கள். ஆகவே இதை அந்நியர் கதையாக நான் சொல்லப்போவதில்லை.

முதலில் ஆட்களை அறிமுகம் செய்கிறேன். சங்கத்தைத் தொடங்கியவர்கள் மூன்று பேர். வில்லியம் வின் வெஸ்ட்காட் ஒரு மருத்துவர். லண்டனில் மரண விசாரணை அதிகாரி. சந்தேகச் சாவு நடந்தால் பிணத்தைப் பார்த்து, சாட்சிகளைக் கேட்டு, காரணம் இன்னதென்று எழுதுவது அவர் வேலை. இரண்டாமவர் வில்லியம் ராபர்ட் உட்மன், அவரும் மருத்துவர், வயதில் மூத்தவர். மூன்றாமவர் சாமுவேல் லிடெல் மேதர்ஸ். கையில் காசில்லாதவர், பிரிட்டிஷ் மியூசியம் வாசகசாலையிலேயே காலத்தைக் கழித்தவர், யூதர்களின் கபாலா நூல்களை லத்தீனிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்து 1887இல் வெளியிட்டவர். மூவரும் ஃப்ரீமேசன் என்ற சகோதரச் சங்கத்தார். ஃப்ரீமேசன்களில் மேல்நிலையில் உள்ள ஆண்கள் மட்டும் சேரக்கூடிய ரோசிக்ரூசியன் சங்கம் ஒன்றிலும் மூவரும் இருந்தார்கள். அங்கே பழைய ஞான நூல்களைப் பற்றிக் கட்டுரை வாசிப்பார்கள், விருந்து சாப்பிடுவார்கள், கலைவார்கள். செய்முறை என்று ஒன்றும் கிடையாது. மூவருக்கும் அந்தக் குறை இருந்தது.

1887இல் வெஸ்ட்காட் ஒரு கட்டுத் தாளோடு வந்தார். ஏறக்குறைய 60 தாள்கள். எல்லாம் மறை எழுத்து. வலமிருந்து இடமாக எழுதியது. தாளில் 1809 என்ற நீர்முத்திரை. ஒரு பாதிரியார் வழியாக வந்தது என்றார். அந்தப் பாதிரியார் அதே ஆண்டு டிசம்பரில் இறந்துவிட்டார். மறை எழுத்தை உடைப்பது வெஸ்ட்காட்டுக்குக் கடினமாக இல்லை. டிரிதீமியஸ் என்ற ஜெர்மானியத் துறவி எழுதி 1518இல் அச்சான நூலிலேயே அந்த எழுத்து வரிசை இருக்கிறது. படித்துப் பார்த்தால் ஐந்து படிநிலைத் தீட்சைகளுக்கான சடங்குக் குறிப்புகள். யார் எங்கே நிற்பது, என்ன கேட்பது, என்ன பதில் சொல்வது என்ற சுருக்கம். மேதர்ஸ் அதை நாடகம் போல விரித்து எழுதினார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஜெர்மனியின் பழைய ரகசிய மரபு என்று சொல்லப்பட்ட அந்தத் தாள்களின் மறை எழுத்தை நீக்கினால் உள்ளே இருப்பது ஆங்கிலம். ஜெர்மன் ஞானி தன் சீடருக்கு எதற்காக ஆங்கிலத்தில் குறிப்பு எழுத வேண்டும்? இந்தக் கேள்வியை அன்றைக்கே ஒருவர் உரக்கக் கேட்டிருந்தால் போதும்.

தாள்களோடு ஒரு முகவரியும் கிடைத்ததாம். அன்னா ஸ்பிரெங்கெல் என்ற ஜெர்மானியப் பெண்மணி. பெரிய நிலையை எட்டியவர். வெஸ்ட்காட் கடிதம் எழுதினார். 1887 நவம்பரில் பதில் வந்தது. லண்டனில் சங்கம் தொடங்கலாம், உமக்கு இன்ன பதவி தருகிறேன், தேவைப்படும்போது என் பெயரால் நீரே கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று அனுமதி. 1888 மார்ச் 1ஆம் தேதி ஐசிஸ்-யுரேனியா என்ற பெயரில் முதல் கிளைக்கு உரிமைப் பத்திரம் எழுதப்பட்டது. அதற்கு எண் 3 கொடுத்தார்கள். 1, 2 எண்ணுள்ள கிளைகள் முன்பே இருந்தன என்று நம்பவைப்பதற்கு அந்த எண். கடிதங்கள் 1890 வரை வந்தன. பிறகு அம்மையார் இறந்துவிட்டார், இனி எங்களிடமிருந்து எதுவும் எதிர்பார்க்க வேண்டாம் என்று வேறொருவர் எழுதியதாக ஒரு கடிதம். அத்தோடு ஜெர்மனியின் கதவு மூடிக்கொண்டது.

1972இல் எல்லிக் ஹவ் என்ற ஆய்வாளர் இந்தச் சங்கத்தின் ஆவணங்களை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். அச்செழுத்துக் கலையிலும் போலி ஆவணங்களிலும் கைதேர்ந்தவர் அவர். ஸ்பிரெங்கெல் கடிதங்களின் ஜெர்மன், ஜெர்மன் மொழியில் பிறந்து வளர்ந்தவர் எழுதக்கூடியது அல்ல, ஆங்கிலம் பேசுகிறவர் தட்டுத்தடுமாறி எழுதியது என்று காட்டினார். அப்படி ஓர் அம்மையார் வாழ்ந்ததற்கே தடயம் கிடையாது. மறை எழுத்துத் தாள்களை எழுதியவர் கென்னத் மெக்கென்சி என்ற ஆங்கிலேய ஃப்ரீமேசன் அறிஞராக இருக்கலாம் என்று இன்று ஆய்வாளர்கள் பலரும் கருதுகிறார்கள். அவர் 1886இல் இறந்தார். அவருடைய தாள்கள் மனைவி வழியாக வெஸ்ட்காட் கைக்கு வந்தன. பழைய காகிதம் கையில் இருந்தால் 1809 நீர்முத்திரை எல்லோருக்கும் வாய்க்கும்.

சாவுக்குச் சாட்சி கேட்பதைத் தொழிலாகக் கொண்ட மனிதர், தான் பெற்ற பிள்ளையான இந்தச் சங்கத்துக்கு மட்டும் பொய்ச் சாட்சி ஜோடித்தார் என்பது எனக்கு இன்றும் வருத்தம் தரும் செய்தி. அவர் பணத்துக்காகச் செய்ததாகத் தெரியவில்லை. நல்ல வேலை, நல்ல பெயர் எல்லாம் இருந்தது. மேலிருந்து யாரோ ஒருவர் கட்டளை கொடுத்தால்தான் மனிதர்கள் கீழ்ப்படிவார்கள் என்று நினைத்திருக்க வேண்டும்.

இந்த எண்ணம் அவருக்கு எங்கிருந்து வந்தது? என் கணிப்பில் சென்னை அடையாற்றுக்கும் இதில் பங்கு உண்டு. பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் 1875இல் நியூயார்க்கில் தியாசபிகல் சொசைட்டியைத் தொடங்கினார்கள். 1882இன் இறுதியில் தலைமையிடம் அடையாற்றுக்கு வந்தது. கூதூமி, மோரியா என்ற மகாத்மாக்கள் இமயத்துக்கு அப்பாலிருந்து கடிதம் எழுதுவதாகச் சொன்னார்கள். அடையாற்று மாடியறையில் சுவரோடு ஒரு பேழை தொங்கியது. மூடித் திறந்தால் உள்ளே கடிதம் இருக்கும். 1884இல், அந்த வீட்டு நிர்வாகத்தைப் பார்த்துவந்த எம்மா கூலோம் என்ற பெண் மனக்கசப்போடு வெளியேறி, எல்லாம் ஏற்பாடு என்று சொன்னார். மதராஸ் கிறிஸ்டியன் காலேஜ் மேகசின் அவர் கொடுத்த கடிதங்களை வெளியிட்டது. லண்டனிலிருந்து ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்ற ஆய்வாளர் சென்னைக்கே வந்து விசாரித்து, 1885இல் வெளியான அறிக்கையில் பிளாவட்ஸ்கி அம்மையாரை மோசடிக்காரர் என்று தீர்த்தார். நூறாண்டு கழித்து, 1986இல், அந்த விசாரணை ஒருதலைப்பட்சமானது என்று கையெழுத்து வல்லுநர் வெர்னான் ஹாரிசன் எழுதினார். சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் வெஸ்ட்காட் விஷயத்துக்கு அந்தத் தீர்ப்பு அவசியமில்லை. அவரும் தியாசபிகல் சொசைட்டியில் இருந்தவர். கண்ணில் படாத குருவின் கடிதம் ஒன்று எத்தனை பேரைக் கட்டி இழுக்கும் என்பதை அவர் கிட்ட இருந்து பார்த்தார். பிளாவட்ஸ்கி 1887இல் லண்டனில் குடியேறினார். ஸ்பிரெங்கெல் கடிதம் அதே ஆண்டு வந்தது.

1887 என்ற ஆண்டைத் தமிழர்கள் நாம் வேறொரு காரணத்துக்காக மறக்கக் கூடாது. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தது அந்த ஆண்டு. யாழ்ப்பாணம் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையைப் பதிப்பித்ததும் அதே ஆண்டு. ஐயர் ஊர் ஊராகப் போய், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, செல்லரித்த சுவடிகளை வாங்கிவந்தார். எந்த ஊரில் யார் வீட்டுச் சுவடி கிடைத்தது என்று பெயர் சொல்லி நன்றி எழுதினார். பாடம் ஒத்துப் பார்த்தார், ஐயமுள்ள இடத்தை ஐயம் என்றே வைத்தார். தாமோதரம் பிள்ளையும் தன் பதிப்புரைகளில் சுவடி தேடிப் பட்ட பாட்டை மறைக்காமல் எழுதினார். ஒரே ஆண்டில் லண்டனில் ஒரு கட்டுத் தாளும் தமிழ்நாட்டில் பல கட்டு ஓலையும் வெளிச்சத்துக்கு வருகின்றன. ஓலைகளுக்கு ஊர் இருக்கிறது, உடையவர் இருக்கிறார், கேட்டால் காட்டலாம். தாள்களுக்கு இறந்துபோன பாதிரியாரும் இல்லாத அம்மையாரும்தான் சாட்சி.

இதைச் சொல்லும்போது நம் நாட்டு நடப்பையும் சொல்லாமல் போக முடியவில்லை. போகர் ஏடு எங்களிடம் இருக்கிறது, அகத்தியர் கைப்பட எழுதியது இருக்கிறது என்று சொல்லித் தீட்சைக்கும் பரிகாரத்துக்கும் பணம் வாங்குபவர்கள் இந்த ஜொகூரிலும் வந்து போகிறார்கள். நான் யாருடைய பக்தியையும் குறை சொல்லவில்லை. சித்தர் பாடல்களை மனப்பாடமாகப் பாடிய தோட்டத்துப் பெரியவர்களின் காலடியில் உட்கார்ந்து வளர்ந்தவன் நான். ஆனால் ஏடு என்றால் எந்த ஊர் ஏடு, யார் வைத்திருந்தார், இப்போது எங்கே இருக்கிறது, நாங்கள் பார்க்கலாமா என்று கேளுங்கள். உண்மையான ஏடு வைத்திருப்பவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

ஜொகூர் என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டும். லண்டனில் மருத்துவர்களும் கவிஞர்களும் ரகசியச் சத்தியம் செய்துகொண்டிருந்த அதே நேரத்தில், பிரிட்டிஷ் அரசு இங்கே ரகசியச் சங்கங்களை ஒழிக்கச் சட்டம் போட்டுக்கொண்டிருந்தது. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் 1889இல் சட்டம் இயற்றி, 1890இல் அமலாக்கினார்கள். அடித்தது சீனர்களின் கீ ஹின் போன்ற சங்கங்களை. வாள்களின் கீழ் நடந்து, விரலில் குத்தி, 36 சத்தியம் செய்து சேரும் சங்கம் அது. ஜொகூர் மட்டும் வேறு வழியில் போயிற்று. ஆற்றங்கரைகளில் மிளகும் காம்பியரும் பயிரிட வந்த சீனர்களை ஒழுங்குக்குள் வைத்துக்கொள்ள, சுல்தான் அபு பக்கார் ஙீ ஹெங் கொங்சி என்ற ஒரே சங்கத்தை அங்கீகரித்து நடத்தவிட்டார். கங்கார் பூலாய் போன்ற ஊர்ப்பெயர்கள் அந்தக் காலத்து ஆற்றங்கரைக் குடியிருப்புகளின் மிச்சம்.

அந்தச் சீனச் சங்கங்களுக்கும் ஒரு பிறப்புக் கதை உண்டு. ஷாவ்லின் மடத்தை மன்னன் எரித்தான், ஐந்து துறவிகள் தப்பினார்கள், அவர்களே ஐந்து மூதாதையர் என்பார்கள். சீன வரலாற்று ஆய்வாளர்கள் அரண்மனை ஆவணங்களைப் புரட்டிப் பார்த்து, 1760களின் தொடக்கத்தில் ஃபூஜியான் மாநிலத்தில் ஏழைகள் ஒருவருக்கொருவர் கைகொடுக்க ஏற்படுத்திய சங்கமே அவற்றின் மூலம் என்று காட்டினார்கள். ஏழைகள் கைகோத்தது உண்மையிலேயே பெருமைக்குரியது. அதற்கு மேல் மடம் எரிந்த கதை எதற்கு என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பொன்விடியலுக்குத் திரும்புவோம். பிறப்புச் சான்று பொய்யாக இருந்தாலும் உள்ளே நடந்த உழைப்பு பொய்யல்ல. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் மோசடி என்று தெரிந்தவுடன் பலர் முழுக் கதையையும் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். முதல் தீட்சையை எடுத்துக்கொள்ளுங்கள். சேரவந்தவருக்குக் கறுப்பு அங்கி. கண்ணைக் கட்டுவார்கள். இடுப்பைச் சுற்றி மூன்று சுற்றுக் கயிறு. கிழக்கே தலைமைக் குரு அமர்ந்திருப்பார். வழி மறித்து வழி மறித்து, தண்ணீர் தெளித்தும் தூபம் காட்டியும் சுத்தி செய்வார்கள். பீடத்தின் முன் மண்டியிட்டு ரகசியம் காப்பதாகச் சத்தியம் செய்த பிறகே கண்கட்டு அவிழும். பீடத்தின் மேல் ஒரு ரோஜாப்பூ, சிவப்பு விளக்கு, ரொட்டியும் உப்பும், ஒரு கிண்ணம் திராட்சை ரசம். காற்று, தீ, மண், நீர் என்ற நான்கின் அடையாளம். நம்முடைய சைவத்தில் சமய தீட்சை, விசேட தீட்சை, நிருவாண தீட்சை என்று படிகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். கண்ணைக் கட்டி அழைத்துச்செல்லும் வழக்கம் நம் தீட்சை முறைகளிலும் உண்டு. லண்டன்காரர்கள் அதை நம்மிடமிருந்து எடுத்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அது ஃப்ரீமேசன் வழக்கம். மனிதனுக்கு இருளிலிருந்து வெளிச்சத்துக்கு வரும் அனுபவத்தைக் கையால் தொட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது. கடல் கடந்தும் ஒரே மாதிரி செய்திருக்கிறார்கள்.

உறுப்பினர்கள் ஒவ்வொரு படிக்கும் தேர்வு எழுத வேண்டும். ஹீப்ரு எழுத்து, சோதிடம், டாரட் சீட்டு எல்லாம் பாடம். அதில் நம்மிடமிருந்து போன பாடமும் ஒன்று உண்டு. தத்துவச் சீட்டுகள். மண்ணுக்கு மஞ்சள் சதுரம், நீருக்கு வெள்ளிப் பிறை, தீக்குச் சிவப்பு முக்கோணம், காற்றுக்கு நீல வட்டம், ஆகாயத்துக்குக் கருநிற முட்டை வடிவம். ஒரு சீட்டைக் கண் இமைக்காமல் பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பார்த்தால் எதிர் நிறத்தில் உருவம் மிதக்கும். அதையே வாசலாக நினைத்து மனத்தால் உள்ளே போகப் பழகுவார்கள். இந்தப் பாடம் அவர்களுக்குக் கிடைத்தது மீரட்டைச் சேர்ந்த ராம பிரசாத் என்பவர் எழுதிய நூலிலிருந்து. அது முதலில் அடையாற்றுத் தியாசபிஸ்ட் இதழில் கட்டுரைகளாக வந்தது.

சைவ சித்தாந்த வகுப்புக்குப் போன பிள்ளைகள் யாராவது இங்கே இருந்தால், இந்த வடிவங்களைக் கேட்டவுடன் ஒரு நூல் நினைவுக்கு வந்திருக்கும். திருவதிகை மனவாசகம் கடந்தார் பாடிய உண்மை விளக்கம், மெய்கண்ட சாத்திரம் பதினான்கில் ஒன்று. சீடன் கேட்க, குரு மெய்கண்டார் விடை சொல்லும் அமைப்பு. அதில் நிலத்துக்கு நாற்கோணம், பொன்னிறம். நீருக்குப் பாதி மதி, வெண்மை. தீக்கு முக்கோணம், சிவப்பு. மூன்றும் லண்டன் சீட்டோடு அப்படியே ஒத்துப்போகின்றன. காற்றும் ஆகாயமும் மாறும்: நமக்குக் காற்று அறுகோணம், கருமை, வானம் வட்டம், புகை நிறம். திருவதிகையில் ஏழு நூற்றாண்டுக்கு முன்னே பாடிய பாடமும் லண்டன் ஹாமர்ஸ்மித்தில் அட்டையில் வரைந்த பாடமும் ஒரே ஆகம மரபின் கிளைகள். இந்த உறவுக்குப் பொய்க் கடிதம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அச்சான நூலே போதுமாக இருந்தது. அவர்கள் ஸ்பிரெங்கெலுக்குக் கொடுத்த மரியாதையில் பாதியை மீரட் ராம பிரசாதுக்குக் கொடுத்திருக்கலாம்.

1896க்குள் 300க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்துவிட்டார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெண்கள். பெண்ணுக்கு வாக்குரிமை இல்லாத நாட்டில், தீட்சை கொடுக்கும் பீடத்தில் பெண்கள் உட்கார்ந்தார்கள். அயர்லாந்தின் பெருங்கவிஞர் யேட்ஸ் 1890இல் சேர்ந்தார். அதே ஆண்டு சேர்ந்தவர்தான் நான் முதலில் குறிப்பிட்ட பெண்மணி, ஃபுளோரன்ஸ் ஃபார்.

அவருடைய தகப்பனார் வில்லியம் ஃபார். இங்கிலாந்தில் யார் எந்த நோயால் செத்தார்கள் என்று முறையாகக் கணக்கெடுத்து, காலரா ஆய்வுக்கு அடித்தளம் போட்ட மருத்துவப் புள்ளியியலாளர். ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலின் நண்பர். மகளுக்கு அந்தப் பெயரையே வைத்தார். மகள் நடிகையானார். பெர்னார்ட் ஷாவின் முதல் நாடகத்தில் 1892இல் கதாநாயகி அவர்தான். கணவர் விட்டுப் போனார், பிறகு விவாகரத்து. எகிப்திய மந்திரம் பற்றி 1896இல் நூல் எழுதினார். 1897இல் வெஸ்ட்காட் விலக நேர்ந்தது. சங்கத் தாள்களை ஒரு குதிரை வண்டியில் மறந்து விட்டுவிட்டார், மரண விசாரணை அதிகாரிக்கு மந்திரம் எதற்கு என்று மேலிடம் கேட்டது என்பார்கள். அதன் பிறகு இங்கிலாந்துக் கிளைகளின் தலைமை ஃபுளோரன்ஸ் கைக்கு வந்தது. மேதர்ஸ் பாரிசில் இருந்துகொண்டு எல்லோரையும் அதிகாரம் செய்தார்.

1900 பிப்ரவரியில் மேதர்ஸ் ஃபுளோரன்சுக்கு ஒரு கடிதம் எழுதினார். வெஸ்ட்காட் ஜெர்மனியோடு தொடர்பு கொண்டதே இல்லை, அந்தக் கடிதங்களை அவரே எழுதினார் அல்லது எழுதவைத்தார், உண்மையான ரகசியத் தலைவர்களோடு பேசுவது நான் ஒருவன்தான் என்பது அதன் சாரம். தன் அதிகாரத்தை உறுதிப்படுத்திக்கொள்ள, நின்றுகொண்டிருந்த கிளையையே வெட்டினார்.

ஃபுளோரன்ஸ் என்ன செய்திருக்கலாம் என்று எண்ணிப் பாருங்கள். கடிதத்தை நெருப்பில் போட்டிருக்கலாம். சங்கம் நிலைத்திருக்கும், அவர் பதவியும் நிலைத்திருக்கும். சில நாள் தனியே யோசித்தார். பிறகு யேட்ஸ் உள்ளிட்ட ஏழு பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்து, கடிதத்தை அவர்கள் முன் வைத்து, விசாரியுங்கள் என்றார். குழு வெஸ்ட்காட்டைக் கேட்டது. சாட்சிகள் எல்லோரும் இறந்துவிட்டதால் சட்டப்படி என்னால் நிரூபிக்க முடியாது என்பது அவர் பதில். மேதர்ஸ் ஆதாரம் எதுவும் தர மறுத்தார். ஏப்ரலில் அவரை நீக்கினார்கள். அவர் தரப்பில் அலெய்ஸ்டர் குரோலி என்ற இளைஞர் முகமூடி போட்டுக்கொண்டு ப்ளைத் ரோட்டிலிருந்த சங்க அறையைக் கைப்பற்ற வந்தார், யேட்ஸ் வாசலில் நின்று தடுத்தார், போலீஸ் வந்தது. அடுத்த ஆண்டு இன்னும் கேவலம். ஹோரோஸ் என்ற பெயரில் திரிந்த தம்பதி, அந்தப் பெண்ணே அன்னா ஸ்பிரெங்கெல் என்று சொல்லி மேதர்ஸைச் சிறிது காலம் ஏமாற்றி, சடங்கு நூல்களைக் கவர்ந்துகொண்டு லண்டன் வந்து, போலித் தீட்சை நடத்தி, இளம்பெண்ணைக் கெடுத்த வழக்கில் 1901 டிசம்பரில் சிறைக்குப் போனார்கள். பொன்விடியலின் பெயர் பத்திரிகைகளில் நாறியது. இல்லாத ஒருத்தியைப் படைத்துவைத்தால் அவள் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொண்டு வரலாம். 1902 தொடக்கத்தில் ஃபுளோரன்ஸ் விலகிவிட்டார்.

அவர் மனம் தேடிய குரு அதன் பிறகே கிடைத்தார் என்று நான் நம்புகிறேன். இராமநாதன் அப்போது இலங்கையின் சொலிசிட்டர் ஜெனரல். தஞ்சாவூர் அருட்பரானந்த சுவாமிகளின் சீடர். பரானந்தர் என்ற பெயரில் மத்தேயு, யோவான் நற்செய்திகளுக்குச் சைவ நோக்கில் உரை எழுதி, 1898இலும் 1902இலும் ஆங்கிலத்தில் வெளியிட்டவர். பொன்விடியல்காரர் அவரிடம் வருவது இது முதல் முறை அல்ல. ஆலன் பென்னட் என்ற உறுப்பினர், ஆஸ்துமாவுக்காக 1900இல் கொழும்பு வந்து, இராமநாதன் வீட்டில் பிள்ளைக்கு ஆசிரியராக இருந்துகொண்டே யோகம் கற்றார். குரோலியும் 1901இல் பென்னட்டைத் தேடி வந்து கண்டியில் யோகம் பழகினார். பென்னட் பிறகு பர்மாவில் ஆனந்த மெத்தேய்யர் என்ற பௌத்தத் துறவியாகி, 1908இல் இங்கிலாந்துக்கே பௌத்தம் போதிக்கத் திரும்பினார். எங்கோ ஜெர்மனியில் இருப்பதாகச் சொன்ன குருவைக் காணாமல் தவித்தவர்கள், ஊரும் பெயரும் முகமும் உள்ள ஒரு தமிழ்க் குருவின் வாசலில் வந்து நின்றார்கள்.

ஃபுளோரன்ஸ் லண்டனில் இராமநாதனைச் சந்தித்தவர். பெண்களுக்குச் சைவச் சூழலில் ஒரு கல்லூரி கட்ட வேண்டும் என்ற அவர் திட்டத்தை அறிந்தவர். கிறிஸ்தவ மிஷன் பள்ளிகளே பெண்கல்விக்கு வழி என்றிருந்த யாழ்ப்பாணத்தில் அது பெரிய காரியம். 1912 செப்டம்பரில், 52 வயதில், ஷாவும் யேட்ஸும் தனக்கு எழுதிய கடிதங்களை ஒரு பெட்டியில் வைத்து நண்பரிடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறினார். 1913 ஜனவரியில் மருதனார்மடத்தில் இராமநாதன் கல்லூரி திறக்கப்பட்டது. ஃபுளோரன்ஸ் அதன் அதிபர். மேடையில் ஆயிரம் பேரைக் கட்டிவைத்த குரல் வகுப்பறைக்கு வந்தது. மணி அடிக்கும் நேரம், விடுதிச் சாப்பாடு, ஆசிரியர் சம்பளம், பிள்ளைகளின் காய்ச்சல் என்று அதிபருக்குரிய வேலைகளில் நாள் போயிற்று. தமிழும் கற்றார். அங்கே யாருக்கும் அவர் பழைய பதவிப் பெயர் தேவைப்படவில்லை.

1916இன் இறுதியில் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்தார்கள். 1917 ஏப்ரல் 29ஆம் தேதி கொழும்பில் இறந்தார். யேட்ஸ் 1920இல் எழுதிய ஒரு கவிதையில், மறைந்த நண்பர்களை அழைக்கும்போது மேதர்ஸையும் இவரையும் சேர்த்தே அழைத்தார். இராமநாதன் 1921இல் ஆண்களுக்கெனப் பரமேஸ்வராக் கல்லூரியைத் தொடங்கினார். இன்றைய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974இல் அந்த வளாகத்தில்தான் பிறந்தது.

ஃபுளோரன்ஸ் ஃபாரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியவர்கள் அவருடைய லண்டன் வாழ்க்கையைப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். யாழ்ப்பாணத்து நாலரை ஆண்டுக்குச் சில பத்திகளோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்தப் பகுதியை எழுத வேண்டியவர்கள் நாம். இங்கே இருக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில், மலாயாவிலிருந்து ஊருக்கு அனுப்பிப் படிக்கவைத்த பாட்டிமார் இருந்திருப்பார்கள். 1913 முதல் 1917 வரை மருதனார்மடத்தில் படித்தவர், அல்லது கற்பித்தவர் யாராவது உங்கள் உறவில் உண்டா என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். பழைய டிரங்குப் பெட்டியில் ஒரு சான்றிதழ், ஒரு வகுப்புப் படம், அதிபர் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம் இருக்கலாம். மூலத்தை நீங்களே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுத்து, யாருடையது, எந்த ஊர், எப்படி வந்தது என்று பின்னால் எழுதி எனக்குக் காட்டுங்கள். இப்போது கேள்வி இருப்பவர்கள் கேட்கலாம்.